கணக்கெடுப்பில் விட்டுப்போன வீடு

என் ஆசை அண்ணே,

கண்மாய்க் கரை உடைந்த அன்று மண்மூட்டை அடுக்கப் போனவன் நீ. திரும்பி வரவில்லை என்று உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். ஆனாலும் இன்று நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது.

நம் காலனியை மேட்டுக்கு மாற்றுகிறார்கள். வீட்டுக்கு ஓர் இடம் மேட்டில் தருவார்கள். பதிலுக்கு, பள்ளத்தில் உள்ள நம் இடமெல்லாம் மேட்டு நிலத்துக்காரருக்குப் போகும். வெள்ளம் வண்டலைக் கொட்டிப் போன மண்ணாயிற்றே, அவருக்கு வலிக்குமா? "அங்கன தண்ணிக்கு எங்க போறது?" என்று நம் ஆட்கள் மல்லுக்கட்டி, கிணறு வெட்டித் தரவும் சம்மதிக்க வைத்துவிட்டார்கள்.

இன்று பள்ளிக்கூடத்தில் தாசில்தாரையும் மேட்டு நிலத்துக்காரரையும் வைத்துக்கொண்டு பட்டியலை வாசித்தார்கள். உன் வீடு அதில் இல்லை, அண்ணே.

தப்பு என்னுடையது. உன் காரியம் முடிந்ததும், பிறந்த வீட்டுக்குப் போகமாட்டேன் என்று மதினி அடம்பிடித்தாள். "முறைன்னு ஒன்னு இருக்குல்ல மதினி? ரெண்டு மாசம் இருந்துட்டு வா" என்று நான்தான் அவளையும் உன் சின்னவளையும் வில்லாபுரத்துக்கு பஸ் ஏற்றிவிட்டேன். அடுத்த வாரமே சர்வேயர் வந்தார். இடிந்த சுவரையும் ஆளில்லாத வாசலையும் பார்த்து 'குடியிருப்பு இல்லை' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். நான் நடவு வேலைக்குப் போயிருந்தேன். இப்படி ஆகும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா?

எழுந்து நின்றேன். "எங்க மதினிக்கு எடம் எங்க சார்?"

"அந்தம்மாதான் ஊரவிட்டுப் போயிருச்சே. பட்டியல் முடிஞ்சுபோச்சு" என்றார் எழுதுகிறவர்.

நம் சின்னையாகூட, "ஒரு வீட்டுக்காக அம்புட்டுப் பேரும் அடுத்த மழைக்கும் நனையணுமாத்தா?" என்றார். அவர் பயமும் நியாயம்தான்.

ஆனாலும் என் வாய் அடங்கவில்லை. "சரி, எங்கண்ணன் வீடு கணக்குல வேணாம். அப்ப அந்த எடமும் மாத்துறதுல சேராதுல்ல? பள்ளத்துல நட்டநடுவுல கெடக்கு. அய்யா சுத்திச் சுத்தி உழுதுக்கட்டும். எங்க மதினி நடுவுல குடிசை போட்டு ஆடு வளக்கட்டும்!"

எல்லாரும் சிரித்தார்கள். மேட்டு நிலத்துக்காரர் சிரிக்கவில்லை. வரைபடத்தை வாங்கி உற்றுப் பார்த்தார். "நடுவுல விட்டுட்டா நான் எப்படித் தண்ணி பாய்ச்சுறது? சேத்துக்கங்க சார், கெழக்கோரமா இன்னொரு எடம் தாரேன்" என்றார். சின்னையா வந்து என் தலையைத் தடவினார். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

பட்டா யார் பேருக்கு என்று கேட்டார்கள். "ராக்கம்மா" என்றேன். நீ இருந்தாலும் மதினி பேரைத்தானே சொல்லியிருப்பாய்?

இது எதுவும் அவளுக்குத் தெரியாது. அவள் வந்து கைநாட்டு வைத்தால்தான் இடம் அவளுக்கு. காலையில் முதல் பஸ்ஸில் போகிறேன். இடம் கிடைத்ததைச் சொல்வதற்கு முன்னால், அது போக இருந்தது என்னால்தான் என்று சொல்லிவிடுவேன். திட்டினால் வாங்கிக்கொள்வேன். வரமாட்டேன் என்றால் அவள் வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன். வந்துவிட்டால், இனி எந்த முறையைச் சொல்லியும் அவளை அவள் வீட்டைவிட்டுக் கிளப்பமாட்டேன். உன்மேல் சத்தியம்.

உன் கூடப்பிறந்த வாயாடி,
பேச்சி