உள்பக்கத் தாழ்ப்பாள்

ஜூன் 3

வீட்டுப் படம் வரையும் என் துரைக்கு,

போனில் பேசினால் பாதியில் குறுக்கே விழுவாய், அதனால் கடிதம். சுகம்தான். சுகமென்ன, துள்ளிக்கொண்டிருக்கிறேன்!

அறை கிடைத்துவிட்டது. சைக்கிள் கடைக்கு மேல் மாடி. ஒரு ஜன்னல், ஒரு அடுப்பு மேடை, உள்ளேயே குளியலறை. கட்டிலை நாலு தடவை இடம் மாற்றிப் போட்டேன். யாரையும் கேட்கவில்லை! கடைசியில் ஜன்னலோரம். படுத்தபடியே பஸ் போவது தெரிகிறது. எந்த டிரைவர் பிரேக்கை மிதித்தே ஓட்டுகிறான் என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவேன்.

முதல் வேலையாகக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்தேன். "இந்த வயசுல உங்கள யாரும்மா தூக்கிட்டுப் போகப்போறா?" என்றார் ஆசாரி. "தூக்கிட்டுப் போறவனும் தட்டிட்டு வரட்டும்" என்றேன்.

உன் கண்டக்டர் அம்மா

ஜூன் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

தாழ்ப்பாள் என்று படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். அப்பா குளியலறையில் விழுந்த அன்று கதவை உடைத்தவன் நான். உடைத்து உள்ளே போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதனால்தான் நம் வீட்டில் தாழ்ப்பாள்களைக் கழற்றினேன். நீயும் கழற்று. இல்லாவிட்டால் இந்த மாதக் கடைசி ஞாயிறு வண்டியோடு வந்து சாமானை ஏற்றிவிடுவேன். ஹாலில் உனக்கு என்னம்மா குறை? உன் மருமகளும் இதையேதான் கேட்கிறாள்.

உன் மகன்

ஜூன் 14

துரைக்கு,

அப்பா விழுந்த சத்தம் என் காதிலும் இருக்கிறது. உன் பயத்தை நான் கேலி செய்யவில்லை.

ஆனால் குறை என்னவென்று கேட்டுவிட்டாய், கேட்டுக்கொள். ஊருக்கெல்லாம் வீட்டுப் படம் வரைகிறாய். உன் வீட்டுப் படத்தில் ஃப்ரிட்ஜுக்கு இடம் குறித்தாய், செருப்புக்கு அலமாரி வைத்தாய். எனக்கு? ஹால் சோபா. விருந்தாளி எழுந்து போனால்தான் எனக்குத் தூக்கம். பஸ்ஸில் முப்பது வருஷம் நின்றேன், அது வேலை. வீட்டிலும் நின்றுகொண்டேதான் பயணமா? வயதானவர்கள் பத்திரமாக இருந்தால் போதும் என்று யாரடா முடிவு செய்தது? எடுத்து வைக்க நான் என்ன பீங்கான் தட்டா?

இப்போது நல்ல சேதி! தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, வெளியிலிருந்தும் சாவியால் திறக்கிற பூட்டாகப் போட்டுவிட்டேன். ஒரு சாவி எதிர் அறைத் தையல்காரியிடம். என் பழைய கண்டக்டர் விசில் கழுத்தில். நேற்று சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சோதனை. குளியலறைத் தரையில் உட்கார்ந்து ஊதினேன் பார்! தையல்காரி கத்திரிக்கோலோடு கதவைத் திறந்து ஓடி வந்தாள். சைக்கிள் கடைக்காரர் பாதி சவரத்தில், முகமெல்லாம் நுரை. தெருவில் ஒரு பஸ்ஸே நின்றுவிட்டது! "அக்கா, நீ விழுந்தா நாங்க தூக்குவோம். இப்படி ஊதி எங்கள விழவைக்காதே!" என்று கத்தினாள். சிரித்துச் சிரித்து என்னால் எழுந்திருக்கவே முடியவில்லை. அதற்கும் அவர்கள்தான் கை கொடுத்தார்கள்.

உறைக்குள் இருப்பது உன் சாவி. ஆபத்துக்கு மட்டும். மற்ற நாளில் தட்டு. திறப்பேன்.

அம்மா

ஜூன் 20

அம்மா,

வீட்டுப் படத்தை எடுத்துப் பார்த்தேன். ஃப்ரிட்ஜ் இருக்கிறது. நீ இல்லை.

ஞாயிறு வருகிறேன். வண்டி வேண்டாம், பஸ்ஸில்தான். சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறேன். தட்டுவேன். நீ மெதுவாகவே வந்து திற. அதுவரை வாசலில் கொஞ்சம் பதறுவேன், அதை மட்டும் பொறுத்துக்கொள்.

உன் மகன்