நாகத்துக்கு ஒரு தாய்மாமன்

12-2-1979, திங்கள்

பத்திரிகைக்கு எழுதிய கதையை இன்று டீக்கடையில் வாசித்தேன். கேட்க ஆள் கிடைத்தால் நான் விடுகிற ஜாதி இல்லை. கற்பனைத் தேசத்தில் ஒரு பறக்கும் நாகம், பாறை வெடித்துத் தன்னந்தனியாகப் பிறக்கிறது. கைதட்டுவார்கள் என்று அங்கே நிறுத்தினேன்.

கடைக்காரி குப்பம்மா வடையைத் திருப்பாமல் கேட்டாள்: "தனியாவா? அப்போ தாய்மாமன் யாருங்க?"

"பாறைக்கு ஏதும்மா அண்ணன் தம்பி?"

"இன்னாங்க நீங்க! மாமன் மடியில ஒக்காராம எப்டி காது குத்துறது?"

புளி மூட்டையோடு பஸ்ஸுக்குக் காத்திருந்த அவள் தம்பி கோவிந்தன், "நான் இருக்கறேன் வுடுக்கா," என்றான்.

"நெருப்புக் கக்கும்ப்பா."

"அக்கா புள்ளைங்க கக்காததா?"

கடையே சிரித்தது. தம்பி மாமனானதும் குப்பம்மா அம்மாவாகிவிட்டாள். நான் இந்த மலைக்கு வந்து எத்தனையோ வருஷம். இன்னும் வெறும் 'கதைக்காரர்'தான்.

கிளம்பும்போது அவள் சொன்னாள்: "நாளைக்கு வூட்ல சாமயரிசிச் சோறு, மொச்சக் கொழம்பு. எம்புள்ளைய இட்டுனு வாங்க."

இப்போதுதான் கதையில் பாறையை அடித்துவிட்டுக் குடும்பத்தை எழுதி முடித்தேன். நாளைக்கு நாகத்துக்குக் காய்ச்சல் என்று சொல்லிக்கொள்ளலாம். அதன் பங்குச் சோற்றைச் சாப்பிட யாராவது போய்த்தானே ஆகவேண்டும்.