யாரும் சாகாத நாளில் மத்தளம்

அன்பு மகள் மார்லெனிக்கு அம்மா எழுதுவது,

நான் நன்றாக இருக்கிறேன். போனில் நீ அதைக் கேட்கவில்லை, அதனால் முதலிலேயே எழுதிவிடுகிறேன். அங்கே நியூயார்க் பிராங்க்ஸ் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சளி இருமல் இல்லாமல் இருக்க தினமும் வேண்டிக்கொள்கிறேன். தென்னை காய்ப்பு சுமார்தான், மரவள்ளி இந்த வருஷம் நல்ல கிழங்கு, உன் தம்பி ஒருவழியாகக் கூரையை மாற்றிவிட்டான். இனி நீ அழுத விஷயத்துக்கு வருகிறேன். அம்மா, ஊர் நடுவில் உன் நோயைச் சொல்லி என் மானத்தை வாங்கிவிட்டாய், மாமியார் முகத்தில் இனி எப்படி விழிப்பேன், ஆட்டத்தை நிறுத்திவிட்டு லா செய்பாவில் சித்தி வீட்டில் போய் இரு, இல்லாவிட்டால் டிசம்பரில் பேரனை அழைத்து வரமாட்டேன் என்றாய். நான் பள்ளிக்கூடம் போகாதவள், மருந்துப் பெட்டிக்குள் வைக்கும் தாளை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவள். எச்.ஐ.வி. பற்றி எனக்கு நீ சொல்லித்தர வேண்டியதில்லை. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேன், ரத்தத்தில் கிருமி பரிசோதனைக்கே அகப்படாத அளவுக்கு இறங்கிவிட்டது, என் தட்டில் சாப்பிட்டாலும் என் மடியில் தூங்கினாலும் யாருக்கும் ஒட்டாது.

உனக்குத் தெரியாதது வேறு. உன் அப்பா போன பிறகு நான் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தேன். நோயால் அல்ல, மனசால். மாத்திரை தலைமாட்டிலேயே இருக்கும், கை நீட்டத் தோன்றாது. நீ பணம் அனுப்பினாய், நேரில் வரவில்லை, அதை இப்போது பேசவில்லை. சுகாதார நிலையத்து நர்ஸ் தில்சியாதான், "கிருமியை மாத்திரை பார்த்துக்கும், மனசை யாரும்மா பார்த்துக்கறது? எழுந்து உடம்பை அசைங்க, வேர்க்கணும்" என்று விரட்டினாள். கடற்கரையில் நடந்து பார்த்தேன். நம் ஊரில் சும்மா நடக்க விடுவார்களா, எங்கே போற, எதுக்குப் போற என்று வாசலுக்கு வாசல் விசாரணை. என்னோடு மருந்து வாங்கும் கிளெமெந்தீனா, "நடந்து சாகறதுக்கு பூந்தா ஆடலாம் வாடி, இடுப்பும் தொடையும் தானா வழிக்கு வரும்" என்றாள். நிலையத்தில் மருந்துக்கு வரும் பெண்கள் இன்னும் சிலர் சேர்ந்தார்கள், தெமெத்ரியோ மத்தளத்தோடு நம் தென்னையடிக்கு வந்தான்.

கோளாறு அங்கேதான். அப்பாவுக்காகக் கட்டிய கறுப்பை நான் இன்னும் களையவில்லை. வேலை நாள் காலையில் மத்தளமும் கறுப்பு உடையும் துக்க வீட்டில் ஆடுகிற பூந்தாவும் சேர்ந்தால் ஊர் என்ன நினைக்கும், யாருக்கோ ஒன்பதாம் நாள் துக்கம், நமக்குச் சொல்லவில்லை என்றுதானே. ஒருத்தி காபிப் பானையோடு வந்தாள், ஒருத்தி ரொட்டியோடு வந்தாள், கிழவர் புல்ஹென்சியோ தலையில் பெஞ்சைச் சுமந்து வந்து, "செத்தது யாரு? என்கிட்ட ஏன் சொல்லல?" என்று சண்டைக்கு நின்றார். யாரும் சாகவில்லை என்றேன். "அப்புறம் எதுக்கு இந்த ஆட்டம்?" என்றார். பொய் சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. "எனக்கு எச்.ஐ.வி. இருக்கு, ரொம்ப வருஷமா இருக்கு. படுத்தே கிடந்தா செத்துடுவேன்னு தோணிச்சு, ஆடறேன்" என்றேன். என்னைப் பற்றி மட்டும்தான் சொன்னேன், மற்றவர்கள் கதை அவர்களுடையது. சிலர் வந்த வழியே திரும்பினார்கள். ரொட்டி கொண்டுவந்தவள் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள், அதை நான் மறக்கப்போவதில்லை. புல்ஹென்சியோ மட்டும், "இவ்வளவு தூரம் தூக்கியாந்தாச்சு, திரும்பத் தூக்க என்னால ஆகாது" என்று பெஞ்சைப் போட்டு உட்கார்ந்து, தெமெத்ரியோவைப் பார்த்து, "ஏன்டா நிறுத்திட்ட, கை வலிக்குதா?" என்றார். ஆடினோம். அன்றைக்கு எனக்குப் பசித்தது மகளே, எத்தனையோ நாளைக்குப் பிறகு பசித்தது. மறுநாள் மாத்திரைக்குக் கை தானாகப் போயிற்று.

இனி உன் மாமியார் விஷயம். போன திங்கட்கிழமை பாசிலியா வந்து தென்னையடியில் நின்றாள். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நானும் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். "சம்பந்தி, இது உங்க நோய்க்கு மட்டுமா, சர்க்கரைக்கும் ஆகுமா?" என்றாள். பிள்ளைகளை எல்லாம் நியூயார்க்குக்கு அனுப்பிவிட்டு அந்தப் பெரிய வீட்டில் அவள் யாரோடு பேசுவாள், நீங்கள் யாராவது யோசித்தீர்களா. கடைசி வரிசையில் போய் நில்லுங்கள், மூச்சு வாங்கினால் நிறுத்துங்கள் என்றேன். என் கோப்பையில் காபி குடிக்க இன்னும் தயங்குகிறாள், நானும் கெஞ்சவில்லை. ஆனால் மறுநாளும் வந்தாள். "நான் ஆட வர்றத மருமகளுக்கு நீங்களே எழுதிடுங்க, எனக்குக் கூச்சமா இருக்கு" என்றாள், எழுதிவிட்டேன்.

லா செய்பாவுக்கு நான் போகமாட்டேன், ஆட்டத்தையும் விடமாட்டேன், இதில் இனி பேச்சில்லை. பேரனை அழைத்து வருவதும் வராததும் உன் இஷ்டம் என்று எழுத உட்கார்ந்தேன், மனசு கேட்கவில்லை. அழைத்து வா. வாழைக்காய் இடித்து, தேங்காய்ப்பாலில் மீன் போட்டு, என் கையாலேயே ஊட்டுவேன். கடவுள் உங்கள் மூவரையும் குறையில்லாமல் வைத்திருக்கட்டும். வரும்போது அடி வழுக்காத ரப்பர் காலணி இரண்டு ஜோடி வாங்கி வா, மறக்காதே. சின்னது எனக்கு, பெரியது உன் மாமியாருக்கு, அவள் மணலில் இடறுகிறாள்.

என்றும் உன் அம்மா,
எர்சிலியா