வாய் வைத்த பைப்பு

மூணாறு,
11-6-1973

அன்புள்ள அத்தானுக்கு,

சாந்தம்மாள் எழுதுவது. நானும் பிள்ளை லீதியாளும் கர்த்தர் கிருபையில் நன்றாக இருக்கிறோம். உங்கள் நெஞ்சு எப்படி இருக்கிறது என்பதை முதலில் எழுதுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். ஆஸ்பத்திரியில் சளியைச் சோதனைக்குக் கொடுத்தீர்களா? கஞ்சிக்கோட்டில் காற்று வறண்டிருக்கும், இருமல் அடங்கும் என்று மதினி எழுதியிருந்தார்கள். அடங்கியதா?

உங்களை உடுமலைப்பேட்டை பஸ்ஸில் ஏற்றிவிட்ட நாள் முதல் இங்கே மழை விடவில்லை. கஞ்சிக்கோட்டில் அக்காவுக்குச் சுகமில்லை, பார்க்கப் போகிறேன் என்று ஆபீசில் நீங்கள் சொன்ன பொய்யையே நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கங்காணி கருத்தப்பாண்டி மட்டும், பஸ்ஸில் ஏறும்போது ஏசுரத்தினம் வாயிலிருந்து துண்டை எடுக்கவே இல்லையே என்று கேட்டார். பல்வலி என்றேன். நம்பினாரா என்று தெரியவில்லை.

பைப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. லண்டனிலிருந்து தொரையுடைய அண்ணன் அனுப்பிய, புகை பிடிக்கிற பைப்பு. உள்ளே கரி படியும்வரை புதுசு நாக்கைச் சுடும் என்று உங்கள் கையில் கொடுத்து, நான் லீவு முடிந்து வருவதற்குள் பழக்கி வை என்று சொல்லிவிட்டுத் தொரை போய்விட்டார். உங்களுக்கு நாக்கு இல்லையா? ஆறு மாதமாக இருமுகிற மனுஷன், முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பட்லர் வேலை போய்விடும் என்று பயந்து எட்டு நாள் இழுத்தீர்கள். ஒன்பதாம் நாள் வாஷ்பேசினில் நீங்கள் துப்பிய ரத்தத்தைப் பார்த்தேன்.

சரி, நடந்ததைப் பேசி என்ன. நீங்கள் விட்ட இடத்திலிருந்து நான் ஆரம்பித்துவிட்டேன். ஆம், நான்தான். கோபப்படாதீர்கள். எங்கள் அம்மை சுருட்டுக் குடித்தவள், புகை எனக்குப் புதிதில்லை. சாயங்காலம் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த பிறகு, விறகுக் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன். நீங்கள் சொன்னபடியே கிண்ணத்தில் பாதி மட்டும் புகையிலை, மெதுவாக இழுப்பு, அடிவரை எரியவிடுவது. கன்னத்தில் வைத்துப் பார்த்துச் சூடு தாங்கவில்லை என்றால் நிறுத்திவிடுகிறேன். உள்ளே படிகிற கரியைச் சுரண்டுவதே இல்லை. முதல் நாள் தலை சுற்றி, பிள்ளைக்குச் சோறு போடக்கூட எழுந்திருக்க முடியவில்லை. இப்போது பழகிவிட்டது. பக்கத்து வீட்டு அழகுத்தாய் வாசனை பிடித்துக்கொண்டு வந்து, தொரை வந்துவிட்டாரா என்று விசாரித்தாள். பங்களாவில் பூச்சிக்குப் புகை போடுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

தொரை இருபத்துமூன்றாம் தேதி வருகிறார். அதற்குள் முடித்துவிடுவேன். நீங்கள் உடம்பைப் பாருங்கள்.

இப்படிக்கு,
சாந்தம்மாள்

மூணாறு,
19-6-1973

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. நான் கொழுந்துக் கூடையோடு பாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன். காச நோய்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டாரா? சளியில் கிருமி இருக்கிறது, தட்டும் டம்ளரும் தனியாக வைக்க வேண்டும், மதினி பிள்ளைகளைக் கிட்டே விடக்கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு அடுத்த வரியிலேயே, பைப்பின் விளிம்பு கருகாமல் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த இரண்டு வரியையும் சேர்த்துப் பார்த்தீர்களா, அத்தான்? நான் பார்த்தேன். டம்ளரையே தனியாக வை என்கிறார்கள். பைப்பின் முனையில் எட்டு நாள் உங்கள் வாய் இருந்திருக்கிறது. பிறகு என் வாய். சனிக்கிழமை தொரை வாய்.

வீட்டுக்கு வந்ததும் முனையைக் கழற்றி வெந்நீரில் போட்டேன். கறுப்பு மினுமினுப்பு போய்ப் பச்சையாக வெளுத்துவிட்டது. எண்ணெய் தேய்த்தும் பழைய பளபளப்பு வரவில்லை. டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் பிச்சைமணியிடம் போய், ஒருவர் வாய் வைத்த சாமானை எப்படிச் சுத்தம் செய்வது என்று யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டேன். ஸ்பிரிட்டில் துடைக்கலாம் என்றார். துளைக்குள்ளே எப்படித் துடைப்பது என்றேன். என்ன சாமான் என்று அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் கிளம்பி வந்துவிட்டேன்.

லீதியாளைத் தனிப் பாயில் படுக்க வைக்கிறேன். ஏன் என்று கேட்டு அழுகிறாள்.

யாரிடமும் சொல்லாதே, சொன்னால் வேலையும் வீடும் போகும் என்று எழுதியிருக்கிறீர்கள். பட்லருக்கு இந்த நோய் என்று தெரிந்தால் எந்தப் பங்களாவிலும் அடுப்படியில் விடமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்த மனுஷர் பைப்பை எடுத்து வாயில் வைக்கும்போது பக்கத்தில் நிற்கப் போகிறவள் நான். எனக்காக ஜெபம் செய்யுங்கள்.

சாந்தம்மாள்

மூணாறு,
2-7-1973

அன்புள்ள அத்தானுக்கு,

இதை எழுதப் பத்து நாளாகக் கை வரவில்லை. முழுவதையும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

இருபத்துமூன்றாம் தேதி சனிக்கிழமை மத்தியானம் தொரை வந்தார். பெட்டியை இறக்கும் முன்பே பைப்பு எங்கே என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தார். கரி ஒரே சீராகப் படிந்திருக்கிறது, ஏசுரத்தினம் கெட்டிக்காரன் என்றார். முனை வெளுத்திருப்பதை அவர் கவனிக்கவில்லை. அத்தான், அந்த ஒரு நிமிஷம் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. சும்மா இருந்தால் போதும். வேலை நிற்கும், வீடு நிற்கும், யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அவர் புகையிலையை அடைத்துப் பைப்பை உதட்டருகே கொண்டுபோய்த் தீக்குச்சியைக் கிழித்தார்.

"தொரை, வாயில வைக்காதீங்க. அவருக்குக் காச நோய். அவர் வாய் வச்ச பைப்பு அது" என்று சொல்லிவிட்டேன்.

குச்சி விரல் வரை எரியும் மட்டும் அவர் அசையவில்லை. பிறகு பைப்பை மேஜைமேல் வைத்தார். இது தெரிந்தே அவன் எனக்குச் சமைத்துப் போட்டானா என்று கேட்டார். தெரியாது, இந்த வாரம்தான் தெரிந்தது, முதலில் வெறும் இருமல் என்றுதான் இருந்தோம் என்றேன். மிச்சத்தைப் பழக்கியது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். நீ போ என்றார். போகும்போது பார்த்தேன், பைப்பைக் குறட்டால் எடுத்து அடுப்பில் போட்டார். நல்ல கட்டை போலிருக்கிறது, சட்டென்று எரியவில்லை.

இரண்டு நாள் யாரும் வரவில்லை. சட்டி பானையெல்லாம் கட்டி வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி ஜீப் வந்தது. என் சளியும் லீதியாள் சளியும் எடுத்தார்கள். தொரையும் தன்னுடையதைக் கொடுத்தாராம், டாக்டர் சொன்னார். தொரைக்கு ஒன்றுமில்லை. பிள்ளைக்கும் ஒன்றுமில்லை, ஸ்தோத்திரம்.

பட்லர் வேலை இல்லை, அத்தான். தேவிகுளத்திலிருந்து வேறு ஆள் வருகிறார். இந்த வீட்டை மாதக் கடைசியில் விட வேண்டும். ஆனால் எஸ்டேட்டை விட்டுப் போகச் சொல்லவில்லை. கொழுந்து எடுக்கிறவள் என்று என் பேரில் மேல் லயத்து வரிசையில் ஒரு வீடு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கிருமி இல்லை என்று டாக்டர் எழுதிய சீட்டோடு நீங்கள் வந்தால், நாற்றங்கால் வேலை தருவதாகத் தொரையே சொன்னார். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். அவன் என்னிடம் முடியாது என்று சொல்லியிருக்கலாமே என்றும் சொன்னார். நான் உங்களிடம் கேட்டதையே அவரும் கேட்டார். அவரிடம் எப்படி முடியாது என்று சொல்வது என்று நான் திருப்பிக் கேட்டேன்.

வெள்ளைச் சட்டை போட்டுப் பெரிய பங்களாவில் நின்றவர் நீங்கள், மண்ணைக் குழைத்து நாற்றுக் கூடை நிரப்ப மனசு வருமோ என்னவோ. உங்களைக் கேட்காமல் நான் சம்மதித்துவிட்டேன். திட்ட வேண்டுமானால் நேரில் வந்து திட்டுங்கள்.

டாக்டர் எழுதிய ஊசி தொண்ணூறும் முடியாமல் பஸ் ஏறிவிடாதீர்கள். கொஞ்சம் தேறியதும் மாத்திரையை நிறுத்திவிடுகிற புத்தி உங்களுக்கு உண்டு. மதினிக்கு எழுதி, ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

என் சளியை மட்டும் இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். மழைக்காலத்துச் சளியாகத்தான் இருக்கும், நீங்கள் கவலைப்படாதீர்கள். லீதியாளை அழகுத்தாய் வீட்டில் விட்டிருக்கிறேன். அவள் அங்கே நன்றாகச் சாப்பிடுகிறாள்.

நீங்கள் மட்டும் முழுசாகக் குணமாகி வாருங்கள், அத்தான். பிள்ளைக்கு நம்மில் ஒருவராவது திடமாக இருக்க வேண்டும்.

கர்த்தர் உங்கள் மூச்சைக் காப்பாராக.

உங்கள்
சாந்தம்மாள்