பதினொரு நிமிடத்தில் நிற்கும் படகு

வீட்டுக்காரிக்கு,

உன் வீட்டுக்காரன் தன் கையாலேயே எழுதும் முதல் கடிதம் இது. நான் சுகமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று தெரியவில்லை.

முதலில் எழுத்தைப் பொறுத்துக்கொள். கோடு போட்ட தாள்தான், ஆனாலும் என் வரிகள் வலது பக்கம் போகப் போக மேலே ஏறிவிடுகின்றன. சில எழுத்து யானை மாதிரி இருக்கும், சில எழுத்து எறும்பு மாதிரி இருக்கும். இவ்வளவு எழுதவே ஒரு காலை நேரம் போய்விட்டது. முதியோர் வகுப்பு டீச்சர் போன வாரம் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "ஐயா, அது பேனா, கடப்பாரை இல்ல. மெதுவா புடிங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அறுபத்தெட்டு வயதில் வகுப்பில் திட்டு வாங்க எத்தனை பேருக்குக் கொடுத்து வைத்திருக்கிறது, சொல்.

இதை மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீயே படி. போன் செய்தால் ஒரு வார்த்தை பேசாமல் அவள் கையில் கொடுத்துவிடுகிறாய். அவளும் பாவம், "அம்மா குளிக்கிறாங்கப்பா" என்கிறாள். ஒரு நாளைக்கு நாலு தடவை குளித்தால் சளி பிடிக்காதா?

வீட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றிவிட்டேன், சொட்டு நின்றுவிட்டது. உன் செடிகளில் ஒன்று போய்விட்டது, மற்றவை இருக்கின்றன. எது போனது என்று இப்போது சொல்லமாட்டேன். ரத்த அழுத்த மாத்திரையின் அட்டையை நானே படித்துப் போட்டுக்கொள்கிறேன். முதல் நாள் அந்தப் பெயரைப் படித்து முடிப்பதற்குள் எனக்கு அழுத்தம் ஏறிவிட்டது.

இனி படகு விஷயம். முகத்தைத் திருப்பாதே, முழுக்கப் படி.

நீ பஸ் ஏறும்போது சொன்னாய்: "அந்த ஓட்டைப் படகு என்னைக்கு ஏரியைத் தாண்டுதோ, அன்னைக்கு அதுலயே வந்து கூட்டிட்டுப் போங்க. அதுவரைக்கும் நான் பொண்ணு வீட்டுலதான்." பிரசவத்துக்குத்தான் போனாய். பேத்திக்கு இப்போது மூன்று மாதம் ஆகிவிட்டது. நீ கோபத்தில் சொன்னாயா, விளையாட்டாகச் சொன்னாயா, எனக்குத் தெரியவில்லை. நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் ஏரியைச் சுற்றி வந்தால் அரை நாளில் உன் எதிரே நின்றுவிடலாம். அப்படி வந்தால் நீ திரும்பி வருவாயா? எனக்கு நம்பிக்கை இல்லை. அதனால் என்ஜினைப் பிடித்துக்கொண்டேன்.

உனக்குத்தான் தெரியுமே, அதன் வியாதி விசித்திரமானது. ஒரே இழுப்பில் ஓடும். கரையை விட்டு அழகாகப் போகும். ஏறக்குறைய பதினொரு நிமிடம் ஆனதும் இருமும், இன்னொரு தடவை இருமும், நின்றுவிடும். அதுவும் கரை எட்டாத இடத்தில். பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனால், மெக்கானிக் அதைத் தண்ணீர் டிரம்மில் நிற்க வைத்துத் தன்னுடைய டேங்க்கிலிருந்து பெட்ரோல் கொடுத்து ஓட்டுவார். காலையிலிருந்து மத்தியானம் வரை ஒரு தும்மல்கூடப் போடாமல் ஓடும். "என்ஜின் தங்கம்யா. உங்களைக் கண்டாத்தான் அதுக்கு ஆகல" என்பார்.

ஸ்பார்க் ப்ளக் மாற்றினோம். பெட்ரோல் ஃபில்டர் மாற்றினோம். டேங்க்கிலிருந்து என்ஜினுக்குப் போகும் குழாயையும் மாற்றினோம். கார்புரேட்டரைக் கழற்றி, அதன் ஓட்டைகளை ஊதி ஊதி என் வாய் முழுக்கப் பெட்ரோல் நாற்றம். அப்புறமும் பதினொரு நிமிடம். கடைசியில் மெக்கானிக், "சூடாகி நிக்குது போல. நின்னுச்சுன்னா மறுபடி ஓட்டாதீங்க, பிஸ்டன் புடிச்சுக்கும். துடுப்புப் போட்டே வாங்க. இல்லன்னா இதைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டு நிம்மதியா இருங்க" என்று சொல்லிவிட்டார்.

பழைய இரும்புக்குப் போடுவதாவது. மறுநாளே துடுப்புகளுக்கு எண்ணெய் தடவி ஏரிக்குக் கொண்டுபோனேன்.

எதிர்வீட்டுத் தையல்காரர் துணைக்கு வந்தார். அவருக்கு நீச்சல் தெரியாது, ஆனால் வாய் நன்றாகத் தெரியும். குடையை விரித்துக்கொண்டு முன்பக்கம் உட்கார்ந்துகொள்வார். படகு நின்றதும் நான் துடுப்புப் போடுவேன், அவர் எனக்கு வேகம் போதாது என்பார். ஒரு நாள் காற்று எதிரே அடித்தது. குடையை மடக்குங்கள் என்றேன். "குடையை மடக்கினா எனக்கு வெயில், விரிச்சா உங்களுக்கு வேலை. நீங்கதானே முதலாளி, வேலையை நீங்க பாருங்க" என்றார். தள்ளிவிடலாமா என்று இருந்தது. நீச்சல் தெரியாது என்பதால் விட்டுவிட்டேன்.

இந்தச் சமயத்தில்தான் டீச்சர், தினமும் வீட்டில் ஏதாவது ஐந்து வரி எழுதி வரவேண்டும் என்றார். மற்றவர்கள் காலையில் எழுந்தேன், பல் விளக்கினேன் என்று எழுதினார்கள். நான் படகை எழுதினேன். எத்தனை மணிக்குக் கிளம்பினோம், டேங்க்கில் எவ்வளவு பெட்ரோல், எத்தனை நிமிடத்தில் நின்றது, நின்றதும் நான் என்ன செய்தேன். நின்றதும் என்ன செய்வேன்? பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்ப்பேன். அதையும் எழுதினேன். "மூடி திறந்தேன். உஸ் என்றது. பெட்ரோல் இருக்கிறது." பக்கத்துக்குப் பக்கம் இதே வரி. தையல்காரர் பார்த்துவிட்டு, "உஸ்ஸையெல்லாமா எழுதுவாங்க?" என்று கேட்டார். எனக்கு எழுத வருகிறது, எழுதுகிறேன் என்றேன். சத்தத்தைக்கூடத் தாளில் வைக்க முடிகிறது பார். எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை காலையில் அந்த நோட்டை முதல் பக்கத்திலிருந்து எடுத்துப் படித்தேன். நான் எழுதியதை நானே படிப்பது ஒரு தனி சுகம். படிக்கப் படிக்க ஒன்று உறுத்தியது. டேங்க் நிரம்பியிருந்த நாளில் ஆறு நிமிடத்தில் நின்றிருக்கிறது. பாதி இருந்த நாள்தான் அதிகம், அப்போது பதினொன்று. அடியில் கொஞ்சம் இருந்த நாளில் இருபது. சூட்டினால் நிற்கிறது என்றால் பெட்ரோல் அளவு எதற்கு மாறவேண்டும்? அப்புறம் அந்த உஸ். ஒரு நாள்கூட அது தவறவில்லை. காற்று வெளியே வருகிற சத்தம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே போகிற சத்தமாக இருந்தால்?

காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கொல்லைக்கு ஓடினேன். டேங்க்கைத் தூக்கி மூடியைப் பார்த்தேன். பெரிய மூடியின் நடுவில் ஒரு குட்டித் திருகு இருக்கிறது. அது காற்றுக்கான வழி. பெட்ரோல் இறங்க இறங்க, அந்த வழியாகக் காற்று உள்ளே போய் இடத்தை நிரப்பவேண்டும். போகாவிட்டால் பெட்ரோல் வரமாட்டேன் என்று உள்ளேயே நின்றுகொள்ளும். அந்தத் திருகு குறடால் முறுக்கப்பட்டு, அதன் மேல் சைக்கிள் ட்யூப் ரப்பர் மூன்று சுற்றுச் சுற்றி, கம்பியால் கட்டியிருந்தது.

யார் வேலை என்று உனக்கு இப்போதே தெரிந்திருக்கும்.

படகு வந்த முதல் நாளே செய்திருக்கிறேன். பெட்ரோல் வாசம் வந்தது, மூடி கசிகிறது என்று நினைத்தேன். எண்ணெய்க் கிடங்கில் முப்பத்தைந்து வருடம் டிரம் மூடி இறுக்கிய கை சும்மா இருக்குமா? நான் மூடிய ஊறுகாய் ஜாடியைத் திறக்க நீ பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிடுவாயே, அந்தக் கைதான். ப்ளக்கைச் சந்தேகப்பட்டேன், ஃபில்டரைச் சந்தேகப்பட்டேன், படகை விற்ற பல் டாக்டரைக்கூட மனதுக்குள் திட்டினேன். என் கையை ஒரு தடவையும் சந்தேகப்படவில்லை.

மெக்கானிக்கிடம் போய்ச் சொன்னேன். கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "பெரியவரே, இதை வெளியில சொல்லிடாதீங்க. டேங்க்கை ஒரு தடவை கொண்டாங்கன்னு நான் கேட்டிருக்கணும். ஊரே என்னைக் கேலி பண்ணும்" என்றார். உன்னிடம் மட்டும் சொல்வேன் என்று சொல்லி வந்திருக்கிறேன்.

அன்றே திருகைத் திறந்துவிட்டு ஓட்டினோம். பதினொரு நிமிடம் ஆனதும் தையல்காரர் துடுப்பை எடுத்து என் மடியில் வைத்தார். பன்னிரண்டு, பதிமூன்று. அவர் பேச்சை நிறுத்திவிட்டார், அது பெரிய விஷயம். முப்பத்து நாலாவது நிமிடம் படகு உன் பக்கத்துத் துறையில் போய் நின்றது.

ஆமாம், வந்தேன். புதனும் வந்தேன், வெள்ளியும் வந்தேன். ஒரு தடவையும் நிற்கவில்லை. துறையிலிருந்து மகள் வீட்டு மாடி தெரிகிறது. கொடியில் குழந்தைத் துணி காய்ந்தது, பக்கத்தில் உன் பச்சைப் புடவை. தையல்காரர், "ஏறிப் போங்களேன், பத்து எட்டுதானே" என்று நச்சரித்தார். நான் கயிற்றைக்கூடக் கட்டாமல் படகைத் திருப்பினேன்.

ஏன் என்று சொல்கிறேன். இதை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

நாற்பத்து மூன்று வருடம் எனக்கு வந்த ஒவ்வொரு தாளையும் நீதான் படித்தாய். கிடங்கு நோட்டீஸ், டாக்டர் சீட்டு, மகளின் மார்க்கு அட்டை, எல்லாம். நீ படித்துச் சொல்லாமல் நான் எதிலும் கட்டை விரலை வைத்ததில்லை. படகு வாங்கிய அன்று பல் டாக்டர் ஒரு விற்பனைத் தாளை நீட்டினார். அப்போது எழுத்துக் கூட்டிப் படிக்க வந்திருந்தது. பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. பேனாவைக் கொடுத்தார்கள். வாழ்க்கையில் முதல் கையெழுத்து. எனக்குத் தலைகால் புரியவில்லை. போட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து தாளைக் காட்டினேன். நீ படித்துவிட்டு, "எங்கிட்ட ஒரு தடவை காட்டியிருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டாய். படகைப் பற்றித்தான் கோபம் என்று நினைத்தேன். இந்த மூன்று மாதமும் என்ஜினைத்தான் சரி செய்துகொண்டிருந்தேன்.

சொல்லாமல் மாடிப்படி ஏறி வந்து நின்றிருந்தால், அதுவும் உன்னைக் கேட்காமல் செய்த காரியமாகப் போயிருக்கும். அதனால் இப்போது கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தத் துறையில் படகோடு நிற்கட்டுமா? முழங்காலுக்குக் கஷ்டம் இல்லாமல் ஏற ஒரு மரப்படி செய்திருக்கிறேன், உட்கார மெத்தை தையல்காரர் தைத்துக் கொடுத்தார். வா என்றால் வருகிறேன். இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டும் என்றால் அதையும் எழுது. உன் எழுத்தை நான் இதுவரை படித்ததே இல்லை. மெதுவாகப் படிப்பேன், ஆனால் முழுக்கப் படிப்பேன்.

பேத்தியும் மகளும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் இருக்கட்டும்.

எப்படியானாலும் அடுத்த வாரம் இன்னொரு கடிதம் எழுதுவேன். நீ அங்கே இருந்தால் தபாலில் வரும். இங்கே வந்துவிட்டால் கூடத்தில் உட்கார்ந்து எழுதி, உள்ளே வந்து உன் கையில் தருவேன். தப்பு இருந்தால் நீ சொல்லவேண்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
வீட்டுக்காரன்