நேரம் எழுதாத சீட்டு

அன்பு டோரீன்,

இங்கிலாந்து போகும் கப்பலில் இருந்து எழுதுகிறேன். நாய்கள் என்னோடு இல்லை.

நீ போர்த்துக்கல்லில் விமானம் ஏறியபின், கிறிஸ்துமஸ் தோரணத்தைக்கூடக் கழற்றாமல் வீட்டு வண்டியை ஓட்டிவந்தேன். பிரான்சின் கலே துறைமுகத்தில் நாய்களின் மருத்துவச் சீட்டைப் பார்த்த அதிகாரிப் பெண், "புழு மாத்திரை குடுத்த நேரத்த டாக்டர் எழுதல. மறுபடி குடுத்து ஒரு நாள் காத்திருக்கணும். வாங்குறப்ப படிச்சுப் பாக்கலையா சார்?" என்றாள்.

முப்பது வருஷம் டைல்ஸ் விற்றவன், எந்தக் காகிதத்தையும் படிக்காமல் வாங்கியதில்லை. இதை மட்டும் மடித்துப் பையில் வைத்துவிட்டேன். நாளைக் காலை உனக்கு ஆபரேஷன். ஆஸ்பத்திரி வாசல் என்றாலே நான் சாக்குத் தேடுவது உனக்குத்தான் தெரியும்; நாய்களோடு ஒரு நாள் இங்கேயே தங்கிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

வரிசையில் பக்கத்து வண்டியில் இருந்த ஹேசல் என்ற பெண் விஷயத்தைக் கேட்டு, "குடுய்யா, நான் இருந்து நாளைக்குக் கூட்டிட்டு வரேன். உன்னவிட உன் நாய்ங்க தைரியமா இருக்கும்," என்று இரண்டையும் வாங்கிக்கொண்டாள்.

வார்டில் எனக்குப் பேச்சு வராவிட்டால் இந்தக் கடிதத்தை நீட்டுவேன். படித்துவிட்டுத் திட்டு. நீ திட்டி முடிக்கும்வரை உன்னை உள்ளே கொண்டுபோக விடமாட்டேன்.

உன் பயந்தாங்கொள்ளி