நான் சொன்னது வேற கமிஷன்

இலத்தூர்
ஆனி 22, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் முத்துசெல்விக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், என் வலது முட்டு ஒன்றுதான் சுகமில்லை. டெல்லி வெயிலில் நீ எப்படி இருக்கிறாய் என்று மறைக்காமல் எழுது. இந்தக் கடிதத்தில் ஓர் எழுத்துகூட அடுத்தவர் கை படவில்லை, எல்லாம் நான் எழுதியது. மூன்று நாளாக எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் எங்களைப் போன்ற பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு நடத்துகிற டீச்சர் 'ழ' எனக்கு நன்றாக வருகிறது என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அந்தச் சந்தோஷத்தை எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் எழுத எழுத எரிச்சல்தான் வருகிறது, நீ அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

உங்கள் நூலகத்துக்காக நீ தமிழாக்கம் செய்து அனுப்பினாயே, அரசாங்க நிர்வாகத்தைத் திருத்த வந்த ஆணையங்களின் வரலாறு, அதைப் பதினோரு நாளில் விரல் வைத்துப் படித்து முடித்தேன். சுதந்திரம் வந்த சூட்டிலேயே குழு போட ஆரம்பித்திருக்கிறார்கள். அறுபத்தாறில் பெரிய ஆணையம், இருபது அறிக்கை, ஐந்நூறுக்கு மேல் யோசனை. அதில் முதல் அறிக்கையே மக்களின் குறையை யார் கேட்பது என்பதுதான். அதற்கு அவர்கள் சொன்ன லோக்பால் சட்டமாக வந்தது இரண்டாயிரத்துப் பதிமூன்றில். நான் குற்றாலத்து அருவிக்கரையில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்க்க வந்து, கல்யாணம் முடித்து, உன்னைப் பெற்று, நீ டெல்லிக்கு ரயில் ஏறுகிறவரைக்கும் அந்த ஒரு காகிதம் நடந்து வந்துகொண்டே இருந்திருக்கிறது. அப்புறம் இரண்டாயிரத்து ஐந்தில் இரண்டாவது ஆணையம், இன்னும் பதினைந்து அறிக்கை. மனுசன் தன்னைப் பற்றித் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அதை நம்புங்கள் என்று அதில் சொல்லியிருக்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் நாலு தடவை படித்தேன்.

ஏனென்றால் என் எண்ணெய் தேய்க்கிற கார்டைப் புதுப்பிக்கப் போன பேரூராட்சி ஆபீஸில் என் கையெழுத்தை வாங்க மாட்டேன் என்கிறார்கள். அருவியில் தண்ணீர் கொட்டுகிறது, லாட்ஜ் எல்லாம் நிறைந்து கிடக்கிறது, கார்டு இல்லாமல் எண்ணெய்ப் பாட்டிலோடு நின்றால் விரட்டிவிடுகிறார்கள். அங்கே எழுத்தராக இருக்கிற ரெபேக்காள் நல்ல பிள்ளை. "அண்ணாச்சி, பழைய ரிஜிஸ்தர்ல கைநாட்டுல்லா இருக்கு, நீங்க கையெழுத்துப் போட்டா வேற ஆளுன்னு ஆயிரும், பேசாம கட்டை விரலைக் குடுங்க" என்று மைப்பெட்டியை நீட்டினாள். நீயும் போனில் அதையேதான் சொன்னாய், சீசனை விட்டுவிடாதீர்கள் அப்பா, விரலை வைத்துவிடுங்கள் என்று. ஏட்டி, அந்தப் பக்கத்தைத் தமிழில் எழுதினவளே நீதானே.

மூன்றாவது தடவை போனபோது பொறுமை போய்விட்டது. சாரலில் நனைந்துவிடும் என்று உன் புத்தகத்தையும் எடுத்துப் போகவில்லை. ஆணையம் என்கிற சொல் வாயில் வரவில்லை, நீ போனில் சொல்கிற சொல்தான் வந்தது. வரிசையில் முப்பது பேர் நிற்கிறார்கள், நான் சத்தமாக, "ஏம்மா, கமிஷன் அன்னைக்கே சொல்லியாச்சு, ஒண்ணுக்கு ரெண்டு கமிஷன் ஆயாச்சு, எம்மவ டெல்லியில கமிஷன் காரியமாத்தான் இருக்கா, ஒங்களுக்கு இன்னும் எத்தனை கமிஷன்தான் வேணும்" என்று கேட்டேன். பின்னால் நின்ற ஆட்டோக்காரர் காஜா, "விடாதயும் அண்ணாச்சி, நல்லாக் கேளும்" என்று செல்போனைத் தூக்கிப் படம் பிடிக்கிறார். அதிகாரி உள்ளேயிருந்து ஓடிவந்து என்னை நாற்காலியில் உட்கார்த்தினார். பத்து நிமிஷத்தில் கார்டு வந்துவிட்டது. விரல் வைக்கிற கட்டம் சின்னது, சுடலை உள்ளேயும் க்கண்ணு வெளியேயுமாகக் கையெழுத்துப் போட்டேன். நானும் உன் புத்தகம்தான் ஜெயித்தது என்று நினைத்துவிட்டேன்.

வெளியே வந்தால் ரெபேக்காள் மேஜைமேல் தலையைக் கவிழ்த்து அழுகிறாள். லஞ்சம் கேட்டதற்கு விளக்கம் கொடு என்று அவளுக்குக் காகிதம் வந்திருக்கிறது. "பதினாலு வருச சர்வீஸ் அண்ணாச்சி, ஒருத்தர்ட்ட ஒரு டீ வாங்கிக் குடிச்சதில்ல, ஒங்க வாயில எப்படி வந்துச்சு" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற மன்சூர்கூட, நீ கமிஷன் வேலையாக இருக்கிறாய் என்று நான் சொன்னதும், "ஒம்ம மவ டெல்லியில எந்தக் காய்க்குக் கமிஷன் எடுக்கா, தக்காளிக்கா முருங்கைக்கா" என்று கேட்டவன்தான், அன்றைக்குச் சிரித்துவிட்டு வந்தேன். உடனே அதிகாரியிடம் திரும்பிப் போய், ஐயா நான் சொன்னது வேற கமிஷன், இந்தப் பிள்ளை ஒன்றும் கேட்கவில்லை என்று எல்லாம் சொன்னேன். அவர், "அப்படின்னா அவசரத்துல குடுத்த கார்டு செல்லாதுல்லா, பேசாம வாங்கிட்டு வீட்டுக்குப் போம் பெரியவரே, அந்தம்மா பாட்டை அந்தம்மா பாத்துக்கிடும்" என்கிறார். நான் கார்டை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

உன் அம்மா நாலு நாளாக என்னோடு பேசவில்லை. பேசினது ஒரே ஒரு வார்த்தை, "சீசன்ல வந்த கார்டைத் திருப்பிக் குடுத்துட்டு வந்து சட்டமா உக்காந்து எழுதுதாரு பாரு" என்று. அவளுக்கு நீதான் சொல்ல வேண்டும். ஒரு பிள்ளையின் பெயரைக் கெடுத்த கார்டில் என் பெயர் இருந்து என்ன செய்ய.

இதற்கு மேல் என்ன நடந்தது என்று நினைக்கிறாய். நான் சொன்ன ஒரு சொல்லை விசாரிக்க மூன்று பேர் கொண்ட குழு போட்டிருக்கிறார்கள்! அறிக்கை கொடுக்கத் தொண்ணூறு நாள். அதற்குள் சாரல் நின்று, லாட்ஜ்காரர்கள் பூட்டிவிட்டு ஊருக்குப் போயிருப்பார்கள். இதையும் உன் வரலாற்றில் ஒரு மூலையில் சேர்த்துக்கொள். இந்தப் புதன் இல்லை, அடுத்த புதன்கிழமை பத்து மணிக்கு என்னை வரச்சொல்லித் தாக்கீது வந்திருக்கிறது.

நீ லீவு போட்டுக்கொண்டு ஓடி வராதே, அங்கே யாரிடமும் சிபாரிசு கேட்காதே. நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி தயிர் வேண்டாம். யார் கேட்டாலும் இனிமேல் ஆணையம் என்றே சொல். விசாரணை என்பதற்குச் சின்ன ர போட்டிருக்கிறேன், சரிதானா என்று அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமைக்குள் கட்டாயம் போன் பண்ணு. குற்றாலநாதர் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

தாக்கீது கொண்டுவந்த ஆள், "நீங்க சொல்லச் சொல்ல நாங்களே எழுதிக் கைநாட்டு வாங்கிக்கிடுவோம், அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிரும்" என்றான். வேண்டாம் என்றுவிட்டேன். ரெபேக்காள் மேல் ஒரு குற்றமும் இல்லை என்பதை அவர்கள் முன்னால் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரைக்கும் நானே எழுதப் போகிறேன். எனக்கு ஒரு பக்கம் எழுத ஒரு நாள் ஆகிறது. மூன்று பேரும் உட்காரட்டும்.

இப்படிக்கு
உன் அப்பா
சுடலைக்கண்ணு